காலி வீட்டின் சமையல் முறை

க்ரீக் ஓரத்தில், அதாவது கடல் ஊருக்குள் நுழையும் கழி ஓரத்தில், ஒரு பாரம்பரிய வீடு இருக்கிறது. எந்த ஊர் க்ரீக் என்று சொல்ல மாட்டேன். வளைகுடாவில் க்ரீக் உள்ள ஊர்கள் பல, ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பலகை. இந்த வீட்டுப் பலகை அரபியிலும் ஆங்கிலத்திலும் சொல்வது இதுதான்: முத்து வணிகர் ஒருவர் கட்டினார், அவர் குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்தது, அவர்கள் புதுப் பகுதிக்குக் குடிபோன பின் வீடு சிறிது காலம் பொருட்கள் வைக்கும் இடமாகப் பயன்பட்டது, பிறகு பழைய அழகு மாறாமல் புதுப்பிக்கப்பட்டது.

அந்தப் பொருட்களில் நானும் ஒன்று.

நான் பாரம்பரியக் கட்டடங்களை அளந்து வரையும் டிராப்ட்ஸ்மேனாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவன். இப்போது திருச்சியில் ஒரு பிளாட்டில் உட்கார்ந்து கொண்டு, எதிர் பிளாட்டின் பால்கனிச் சுவர் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நேராக நிற்காது என்பதைத் தினமும் பார்த்து வருத்தப்படுகிறேன். என் பழைய ஆபீஸில் லேசர் ஸ்கேனர் வந்துவிட்டது. முக்காலியில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் அரை நாளில் முழு வீடும் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில், “நடராசன் சார், நீங்க கையால அளந்த காலத்தைப் பத்தி ஏதாவது எழுதுங்க” என்று கேட்டார்கள். டேப் பிடிப்பதைப் பற்றி எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் அந்த வீட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சிவில் டிப்ளமோவோடு அங்கே போய் இறங்கினேன். ஒரு காண்ட்ராக்டர் ஆபீஸில் கழிவுநீர்க் குழாய் வரைவது வேலை. தங்க இடம் இந்த வீடு. பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள், நடுவில் முற்றம், மேலே காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் கோபுரம். இன்று சுற்றுலாப் பயணிகள் அந்தக் கோபுரத்துக்கு அடியில் நின்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மணல் கொட்டுகிறது என்று நாங்கள் அதைப் பிளைவுட் அடித்து மூடி வைத்திருந்தோம். மூன்று அறைகளில் பதினான்கு பேர். வீட்டுக்காரர் ஒருவரிடம் விட்டிருந்தார், அவர் இன்னொருவரிடம் விட்டிருந்தார், அந்த இன்னொருவரிடமிருந்து எங்களுக்கு வந்தது. பேச்சிலர்கள், அதாவது குடும்பம் இல்லாமல் தங்கும் ஆண்கள், இருக்கக் கூடாத பகுதி அது.

எனவே இல்லாமல் இருப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். முனிசிபாலிட்டியிலிருந்து சோதனைக்கு வண்டி வருகிறது என்று முனை டீக்கடையிலிருந்து ஆள் ஓடி வருவார். உடனே பதினான்கு மெத்தைகளும் சுருண்டு மொட்டை மாடிக்குப் போகும். அடுப்பு சாக்குக்குள் போகும். செருப்புகள் உள்ளே வரும். ஒருத்தன் மட்டும் வெளியே போய்ப் பெரிய பூட்டைப் போட்டுவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவன் போல டீ குடிப்பான். மற்ற பதின்மூன்று பேரும் உள்ளே இருமலை அடக்கிக்கொண்டு இருப்போம். அதிகாரி பூட்டை ஆட்டிப் பார்ப்பார். “மாஃபி, யாரும் இல்லை” என்று கூட வந்தவரிடம் சொல்வார். என் வாழ்க்கையில் நான் முழு மனதோடு செய்து முடித்த முதல் வேலை, அந்த வீட்டைக் காலியாகக் காட்டியதுதான்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவன் சிவராசா, யாழ்ப்பாணம். என் வயதுதான், எலக்ட்ரீசியன். அவனுடைய கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கம்பெனியை இழுத்து மூடிவிட்டுத் தலைமறைவாகிவிட்டார். அவரோடு சிவராசாவின் பாஸ்போர்ட்டும் போயிற்று. வெளியே போனால் பிடிப்பார்கள், ஊருக்குப் போகலாம் என்றால் அங்கே சண்டை. எட்டு மாதம் அவன் அந்த வீட்டை விட்டு வாசல் தாண்டவில்லை. நாங்கள் சோதனையின்போது மட்டும் இல்லாமல் இருந்தோம். அவன் எந்நேரமும் இல்லாமல் இருந்தான்.

எங்களுக்குள் சமையல் முறை உண்டு. தாளில் எழுதி ஒட்டினால், முறை வந்தவன் கிழித்துவிட்டு “தாளே இல்லையே” என்பான். அதனால் உள் அறைச் சுவரில் ஆணியால் கிழமையும் பேரும் கீறி வைத்திருந்தோம். சிவராசா வீட்டிலேயே இருந்ததால் ஒவ்வொருவராக முறையை அவன் தலையில் கட்டினோம். பழைய பேர்களைச் சுரண்டிவிட்டு அவனே தன் பேரைக் கீறினான். கடைசியில் சனி முதல் புதன் வரை சிவராசா. வியாழன் நடராசன், ஏனென்றால் எனக்கு வியாழன் அரை நாள் டியூட்டி. வெள்ளி எல்லோரும். சமைத்த ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் ஒரு கோடு போடுவான். “நான் வெளியால போனாப்பிறகு நீங்கள் எல்லாரும் இதைத் திருப்பிச் சமைச்சுத் தரவேணும் மச்சான், விடமாட்டன்” என்பான். நூற்று எழுபத்தொரு கோடுகள் சேர்ந்தபோது, விசா இல்லாதவர்கள் தண்டனையில்லாமல் நாட்டை விட்டுப் போகலாம் என்று பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். அவன் வெளியேறினான். பல வருஷம் கழித்துக் கனடாவில் நிலைகொண்டான். கோடுகள் சுவரோடு நின்றுவிட்டன.

நான் சவுதியில் யான்பு போனேன். சுத்திகரிப்பு ஆலையில் ஆறு வருஷம் பைப் வரைந்தேன். பிறகு தோஹாவில் நஜ்மா பக்கம் ஒரு அறையில் இருந்துகொண்டு கொஞ்ச காலம் இடிக்கப்போகும் வீடுகளை வரைந்தேன். இடிப்பதற்கும் வரைபடம் வேண்டும். பழைய வீடுகளை அளக்கத் தெரிந்தவன் என்று பேர் வந்தது, கல்யாணமும் ஆயிற்று, குடும்ப விசாவோடு பழைய க்ரீக் ஊருக்கே திரும்பினேன். இந்த முறை வீடுகளைக் காப்பாற்றும் நிறுவனத்தில் வேலை.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஹாஷிம், சூடான்காரர், கட்டடப் பாதுகாப்பு நிபுணர். ஒல்லியான உயரமான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில்கள்: கறுப்பு, நீலம், சிவப்பு. கண்ணால் பார்த்து அளந்தது கறுப்பில். யாரோ சொன்னது நீலத்தில். இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நாமாக நினைப்பது சிவப்பில். இதுதான் அவருடைய மொத்தப் பாடத்திட்டம். அளக்கும் முறையும் அப்படித்தான். முதலில் தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவல் வைத்து வீடு முழுக்க ஒரே மட்டத்தில் நூல் அடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு அறைக்கும் நாலு சுவரோடு இரண்டு மூலைவிட்டமும் எடுக்க வேண்டும், ஏனென்றால் பழைய வீட்டில் எந்த அறையும் சதுரம் இல்லை. சுவரின் சாய்வுக்குத் தூக்குக்குண்டு. ஒரு எண்ணை நான் சொல்ல, கூட இருப்பவர் திருப்பிச் சொன்ன பிறகே எழுத வேண்டும்.

அவர் கத்த மாட்டார். வரைபடத்தின் மேல் விரலை வைத்து “ஷுஃப்த்?” என்பார். பார்த்தாயா என்று அர்த்தம். ஒருமுறை எங்களில் ஒருவர், வலது பக்கக் கதவு இடது பக்கத்தைப் போலத்தானே இருக்கும் என்று அளக்காமலே கறுப்பில் வரைந்துவிட்டார். “ஷுஃப்த்?” என்றார் ஹாஷிம். ஆகஸ்ட் மாதம் மத்தியானம், வரைந்தவரை அளந்து வரத் திருப்பி அனுப்பினார். அந்தக் கதவு ஒரு சாண் குட்டையாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள் மேஜையில் புது வேலைக்கான கோப்பு. முகவரி, நாங்கள் பதினான்கு பேர் இருந்த அதே வீடு.

அளக்கப் போன அன்று வீட்டுக்காரரின் மகன் சாவியோடு வந்திருந்தார். முப்பது வயதிருக்கும், நல்ல மனிதர். நான் முதல் முறை வருகிறவன் போல அண்ணாந்து பார்த்தேன். படிவத்தில் ‘கடந்த காலக் குடியிருப்பு’ என்று ஒரு கட்டம். கறுப்புப் பென்சிலில் “குடும்பம் போன பின் காலி” என்று எழுதினேன். கை தானாகப் போயிற்று என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி வெட்கம். நான் இப்போது குடும்பஸ்தன், கார் வைத்திருப்பவன், டை கட்டுபவன். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஓடியவன் என்று ஆபீஸுக்குத் தெரிய வேண்டுமா? சோதனைக்கு வண்டி வந்துவிட்டது, பூட்டைப் போட்டுவிட்டேன். என்ன, இந்த முறை சோதனைக்கு வந்தவனும் நானே.

வேலை ஆரம்பமானது. உள் அறையில் பெயிண்ட் அடுக்குகளைச் சுரண்டிக்கொண்டிருந்த பாகிஸ்தானிக் கொத்தனார், “பாய், இதர் ஆவோ, ஜல்தி” என்று என்னை உடனே வரச் சொன்னார். மூன்று அடுக்குப் பெயிண்டுக்குக் கீழே எழுத்துகள். அவற்றுக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாகக் கோடுகள்.

திட்ட மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. முத்து வணிகர் வீட்டில் தென்னிந்திய எழுத்து! கோடுகளைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கப்பலில் வந்த மூட்டைகளைத் தென்னிந்திய வணிகர் ஒருவர் இங்கே எண்ணியிருக்கிறார். கண்ணாடிச் சட்டம், மஞ்சள் விளக்கு, பத்திரிகையாளர் கூட்டம் என்று அன்றைக்கே திட்டம் போட்டார். ஒரு பேராசிரியருக்குப் படம் அனுப்பினார். படிக்காமல் காலம் சொல்ல முடியாது என்று அவர் பதில் எழுதினார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“நடராசன், இது உங்கள் ஊர் எழுத்துதானே?”

சிவராசாவின் கையெழுத்து. நேற்றுக் கீறியது போல இருந்தது. “தெளிவாக இல்லை சார், பார்க்கிறேன்” என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் காரில் உட்கார்ந்து டொராண்டோவுக்குப் போன் போட்டேன்.

“சிவா, உன் சமையல் முறை சிக்கிருச்சுடா. கோடெல்லாம் அப்படியே இருக்கு. கப்பல் மூட்டைக் கணக்குன்னு சொல்றாங்க.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

“உண்மையா கிடக்கோ?” என்றான். “மச்சான், இங்க வந்து அகதிக் கேஸ் குடுக்கேக்க அந்த எட்டு மாசம் எங்க இருந்தனி எண்டு கேட்டவங்கள். ஒரு துண்டுக் கடுதாசி என்னட்ட இல்லை. நம்பினாங்களோ என்னவோ, விட்டிட்டாங்கள். இப்ப என்ர மகளுக்குச் சொன்னாலும் அவள் கதை கேக்கிற மாதிரித்தான் கேக்கிறாள்.”

“நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா கண்ணாடி போட்டு வைப்பாங்க. உண்மையைச் சொன்னா பூசிருவாங்க. என்ன செய்யட்டும்?”

அவன் திருப்பிக் கேட்டான்.

“கண்ணாடிக்குள்ள ஆர் இருப்பான்? எவனோ ஒரு வியாபாரி. அது நான் இல்லையே. பூசினாலும் பரவாயில்லை, அது நான் எண்டு எங்கயாவது ஒரு இடத்தில எழுது.”

இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். படிவத்தில் பொய் எழுதியவன் என்றால் வேலை போகும். குழந்தைகள் பள்ளிக்கூடம், குடும்ப விசா எல்லாம் அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் காலை ஹாஷிம் அறைக்குப் போய், நின்றபடியே முழுவதையும் கொட்டினேன். மெத்தை, பூட்டு, சிவராசா, ‘காலி’ எல்லாவற்றையும்.

அவர் படிவத்தை எடுத்து ‘காலி’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“ஷுஃப்த்?”

“இல்லை. உள்ளே பதினான்கு பேர் இருந்தோம். அதைத்தான் பார்த்தேன்.”

ஒரு திட்டும் இல்லை. ரப்பரை என் பக்கம் தள்ளினார். அழித்தேன். நீலப் பென்சிலை எடுத்தேன், யாரோ சொன்ன தகவல்தானே என்று. என் கையிலிருந்து அதை வாங்கிவிட்டுக் கறுப்பைக் கொடுத்தார். “நீ இருந்தாய். வேறு யார் சொல்ல வேண்டும்?” என்றார். பதினான்கு பேரையும் எழுதினேன். இரண்டு பேருக்கு அப்பா பேர் ஞாபகமில்லை. அந்த இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் சுவரை வாசித்து மொழிபெயர்த்தேன். “சனி சிவராசா. ஞாயிறு சிவராசா. திங்கள் சிவராசா.” மேலாளர் பேனாவைக் கையில் பிடித்தபடி, வணிகர் எப்போது வருவார் என்று காத்திருந்தார். புதனும் சிவராசாதான். “வியாழன் நடராசன். அது நான். வெள்ளி எல்லோரும். இது சமையல் முறை சார். மூட்டை இல்லை, அதெல்லாம் மீன் குழம்பு.”

கூட்டத்துக்கு வந்திருந்த வீட்டுக்காரரின் மகன் திடீரென்று மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். “பூட்டிய வீட்டிலிருந்து மீன் குழம்பு வாசனை வரும்! நாங்கள் குடிபோன பின்னும் என் பள்ளிக்கூடம் இந்தப் பக்கம்தான். விட்டு வரும்போது அந்தத் தெருவில் ஓடுவோம், உள்ளே ஜின் பூதம் சமைக்கிறது என்று!” என்றார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ஜின்னின் கையைத் தொடுகிறேன் என்றார்.

மேலாளர் சிரிக்கவில்லை. “இந்த வீட்டை நாம் முத்துக் காலத்துக்கு மீட்கிறோம். உங்கள் காலம் இதில் வராது. பூசிவிடுங்கள்” என்றார். சொன்னதில் கோபம் கூட இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ஹாஷிம் விவாதம் செய்யவில்லை. அவருக்கு விதிமுறை இருந்தது. எதை மூடினாலும் மூடுமுன் அதே அளவில் வரைந்து கோப்பில் சேர்க்க வேண்டும். மூன்று நாள் அந்தச் சுவரில் டிரேசிங் தாளை ஒட்டி, எழுத்து எழுத்தாக, கோடு கோடாக எடுத்தேன். நூற்று எழுபத்தொன்றையும் கொத்தனார் திருப்பி எண்ணிச் சொன்னார். தாளின் மூலையில் வரைபட எண், வீட்டின் பேர், குடியிருந்தோர் பட்டியல், கண்டு வரைந்தவர் நடராசன். ஹாஷிம் கையெழுத்துப் போடுமுன் வழக்கம் போலத் தாளின் மேல் விரலை வைத்தார்.

“ஷுஃப்த்?”

“ஷுஃப்த்” என்றேன். பார்த்தேன் என்பதற்கும் அதே சொல்தான்.

கையெழுத்துப் போட்டார், முத்திரையும் குத்தினார். பூசும்போது கொத்தனாரிடம் சொல்லி எழுத்தின் மேல் மெல்லிய துணி ஒன்றை வைத்து, அதற்கு மேல் சுண்ணாம்பு பூசச் செய்தார். நாளைக்கு யாராவது உரித்தால் எழுத்து சேதமில்லாமல் கிடைக்கும். வாசல் பலகை எழுதியவர்களுக்கு என் திருத்தத்தை அனுப்பினோம். காலி என்று போட்டால் கோப்போடு ஒத்துவராது, பேச்சிலர்கள் என்று போட்டால் வீட்டு அழகோடு ஒத்துவராது. யோசித்துப் ‘பொருட்கள்’ என்று போட்டார்கள்.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது சிவராசா வந்தான். மகளோடு யாழ்ப்பாணம் போகிற வழியில் ஒரு நாள் இறங்கினான். தலை முழுக்க நரை, கொஞ்சம் தொந்தி. நேரே அந்த வீட்டுக்குப் போனோம். அவன் அந்த வாசலைப் பட்டப்பகலில் நடந்து தாண்டியது, வெளியேறிய நாளுக்குப் பிறகு அன்றுதான். பலகையை மகள் வாசித்துவிட்டு, “அப்பா, ஸ்டோரேஜ் எண்டு போட்டிருக்கு. இதுதான் வீடா?” என்றாள். சந்தேகம் குரலிலேயே இருந்தது. உள் அறைச் சுவர் பால் போல வெள்ளையாக இருந்தது. சிவராசா அதைத் தடவிப் பார்த்தான். அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள் கூட அவன் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

நான் கொண்டுபோயிருந்த உருளையைப் பிரித்தேன். வீட்டுக்காரரின் மகனிடமும் ஆபீஸிலும் முறையாக அனுமதி வாங்கி எடுத்த முத்திரையிட்ட பிரதி. நானும் மகளும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, முன்பு இருந்த அதே இடத்தில் சுவரோடு சேர்த்து வைத்தோம். சனி சிவராசா. ஞாயிறு சிவராசா. அவள் மெல்ல எழுத்துக் கூட்டி வாசித்தாள். மூலையில் இருந்த முத்திரையைத் தொட்டாள், குடியிருந்தோர் பட்டியலில் அப்பாவின் முழுப் பேரைப் பார்த்தாள். “இவ்வளவு நாளும் நீங்கள்தானா சமைச்சனீங்கள்?” என்றாள். சிவராசா அழுதுவிட்டான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கலாம் என்றால் என் இரண்டு கைகளும் தாளில் மாட்டியிருந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கிட்டே போய் வரி வரியாகப் பார்த்தான். வியாழனில் நின்றான். தாளைத் தட்டினான்.

“மச்சான், இதில ஒண்டு குறையுது.”

“என்ன குறையுது? எல்லாம் இருக்கு.”

“உன்ர பேருக்குப் பக்கத்தில நான் எழுதினது எங்க?”

இதுவரை உங்களிடமும் மறைத்துவிட்டேன். சுவரில் ‘வியாழன் நடராசன்’ என்பதற்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில், ‘இனிச் சாம்பார் வேண்டாம்’ என்று இருந்தது. கூட்டத்தில் அதை நான் வாசிக்கவில்லை, அங்கே வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. தாளிலும் விட்டுவிட்டேன். கண்டு வரைந்தவன் என்று என் பேர் போகிற இடத்தில் என் சாம்பாரின் கதையும் போக வேண்டாமே என்று நினைத்தேன்.

“விடு சிவா, அது ஒரு பெரிய விஷயமா?”

“பெரிய விஷயம்தான். ஒண்டை நீ மறைச்சா மற்ற நூற்று எழுபத்தொண்டையும் ஆர் நம்புவினம்?” என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மகள் தன் முனையை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்து என் முனையைப் பிடித்துக்கொண்டாள். நான் சட்டைப் பையில் இருந்து கறுப்புப் பென்சிலை எடுத்து, என் பேருக்குப் பக்கத்தில், சுவரில் இருந்த அதே அளவில் எழுதினேன். எழுதி முடித்ததும் அந்தச் சுவரடியிலிருந்தே ஹாஷிமுக்குப் போன் போட்டேன், கோப்பில் இருக்கும் மூலத்திலும் ஒரு திருத்தம் உண்டு என்று சொல்ல.